ஸ்லீவா, பைபாஸா, ஊசியா: சர்க்கரைக்கும் இதயத்துக்கும் 10 ஆண்டு கழித்து எது கைகொடுக்கும்?

"எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டால் சுகர் போய்விடுமா?" என்று கேட்டு வரும் கடிதங்களுக்குக் குறைவே இல்லை. இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால் அதில் இரண்டு எண்கள் இருக்கும்: 72, 30.

சுவீடனில் 1987இல் தொடங்கி, உடற்பருமன் உள்ளவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்த எஸ்ஓஎஸ் ஆய்வில், சர்க்கரை நோயோடு அறுவைக்குப் போனவர்களில் 100க்கு 72 பேருக்கு இரண்டாம் ஆண்டில் மாத்திரையோ இன்சுலினோ இல்லாமலே சர்க்கரை அடங்கியிருந்தது. 15ஆம் ஆண்டில் பார்த்தபோது அப்படி இருந்தவர்கள் 30 பேர். அறுவை இல்லாமல் வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களுக்கு இதே கணக்கு முதலில் 16, பிறகு ஆறு ஏழு பேர்.

விளம்பரம் முதல் எண்ணைச் சொல்லும். பயமுறுத்தும் உறவினர் "எல்லாம் திரும்பி வந்துவிடும்" என்று இரண்டாவதைச் சொல்வார். இரண்டுமே உண்மைதான். அதனால்தான் மருத்துவர்கள் 'குணமாகிவிட்டது' என்று சொல்லாமல் 'ரெமிஷன்' என்கிறார்கள். நோய் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். மருந்தே இல்லாமல் மூன்று மாதமாவது எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.5க்குக் கீழே நின்றால் அதை ரெமிஷன் என்று எடுத்துக்கொள்ளலாம் என்பது 2021இல் வல்லுநர்கள் ஒப்புக்கொண்ட வரையறை.

இங்கே ஒப்பிடப்போவது இரைப்பை பைபாஸ், ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாய்போல் ஆக்குவது) என்ற இரண்டு எடைக்குறைப்பு அறுவைகளையும், எடை குறைக்கும் வார ஊசியையும், உணவுத் திட்டத்தையும். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாம் வகை சர்க்கரை நோயைப் பற்றியது. முதல் வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

## எதை வைத்து எடை போடுவது

எத்தனை கிலோ குறையும் என்பதை நான் முதல் அளவுகோலாக வைக்கமாட்டேன். சர்க்கரையும் இதயமும்தான் கவலை என்றால் கேட்க வேண்டியவை இவை:

- சர்க்கரை எத்தனை ஆண்டு அடங்கியிருக்கும்?
- மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு குறையும் என்பதற்குச் சான்று எவ்வளவு உறுதியானது?
- உடல் அதற்கு என்ன விலை கொடுக்கும்?
- சரிப்படாவிட்டால் திரும்பி வர முடியுமா?
- ஆயுள் முழுக்க நாம் செய்ய வேண்டிய வேலை என்ன?

இந்த ஐந்துக்கும் முன்னால் இன்னொரு கேள்வி உண்டு. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

## முதலில் கணையத்தைக் கேளுங்கள்

எந்த அறுவை என்பதைவிட, சர்க்கரை வந்து எத்தனை ஆண்டாயிற்று என்பதுதான் முடிவை அதிகம் தீர்மானிக்கிறது. எடை எவ்வளவு குறைந்தாலும் இன்சுலினைச் சுரக்க வேண்டியது கணையத்தின் பீட்டா செல்கள்தான். ஆண்டுகள் போகப்போக அவை சோர்ந்துவிடும். செத்துப்போன செல்லை எந்த அறுவையும் எழுப்பாது.

சர்க்கரை வந்து சில ஆண்டுகளே ஆகி, ஒன்றிரண்டு மாத்திரையில் சமாளித்துக்கொண்டு, எச்பிஏ1சி 7க்குக் கீழே வைத்திருப்பவருக்கு நீண்ட கால ரெமிஷன் கிடைக்கும் வாய்ப்பு நல்லது. பத்துப் பன்னிரண்டு ஆண்டாக இன்சுலின் போடுகிறவருக்கு அது குறைவு. கணையத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று ஓரளவு காட்ட சி-பெப்டைட் என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கேதான் ஒரு முரண். அறுவையைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறோம். எல்லா மருந்தும் தோற்ற பிறகு அதை எடுக்கிறோம். ஆனால் சர்க்கரையைப் பொறுத்தவரை அந்த ஆயுதம் கூர்மையாக இருப்பது ஆரம்பத்தில்தான். இழுத்தடித்துவிட்டுப் போகிறவர், "எனக்கு மட்டும் சுகர் போகவில்லையே" என்று வருந்துகிறார்.

அப்படியானால் தாமதமாகப் போனவருக்குப் பலனே இல்லையா? உண்டு. ரெமிஷன் கிடைக்காவிட்டாலும் எடையும் ரத்த அழுத்தமும் மருந்தின் எண்ணிக்கையும் குறையும். திரும்பி வந்த சர்க்கரையும் முழு நஷ்டம் அல்ல. எஸ்ஓஎஸ் ஆய்வில் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் வரும் பாதிப்புகள் அறுவை செய்தவர்களிடம் ஏறக்குறைய பாதியாக இருந்தன. 2016இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, ரெமிஷனில் கழித்த ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் இந்தச் சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்பின் அபாயம் 19% குறைந்ததாகக் கணக்கிட்டது. ஏழு ஆண்டு கழித்து சர்க்கரை திரும்பினாலும் அந்த ஏழு ஆண்டு கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைத்த ஓய்வுதான்.

## இரைப்பை பைபாஸ்

பெயரைக் கேட்டதும் இதய பைபாஸ் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இது வேறு. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை மேலே இழுத்து அதோடு இணைக்கிறார்கள். உணவு, பெரிய இரைப்பையையும் முன்குடலையும் தொடாமல் நேராகக் கீழே போய்விடும்.

அப்படிப் போவதால் ஜிஎல்பி-1 போன்ற குடல் ஹார்மோன்கள் பல மடங்கு சுரக்கின்றன. அவை கணையத்தை உசுப்பிவிடும், பசியை அடக்கும். எடை குறையத் தொடங்கும் முன்பே, மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போதே இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டியிருப்பது இதனால்தான். 1995இல் வட கரோலினாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ், இப்படிச் செய்துகொண்ட 146 சர்க்கரை நோயாளிகளில் 121 பேருக்குச் சர்க்கரை இயல்பானதாக எழுதியபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. எடைக்காகச் செய்த அறுவை, சர்க்கரைக்கான சிகிச்சையாக மாறிய கதை அங்கிருந்து தொடங்குகிறது.

ஸ்லீவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட நார்வே ஆய்வில் ஓராண்டு முடிவில் ரெமிஷன் பைபாஸில் 74%, ஸ்லீவில் 47%. பின்லாந்தில் 10 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில் இந்த இடைவெளி 33%, 26% என்று சுருங்கிவிட்டது. அங்கிருந்த ஆட்களின் எண்ணிக்கைக்கு அதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதே ஆய்வில் ரத்த அழுத்த மருந்தை விட முடிந்தவர்கள் பைபாஸில் 24%, ஸ்லீவில் 8%. இதயத்தை நினைத்து முடிவெடுக்கிறவர் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

விலை என்ன? பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. எலும்பு முறிவு அபாயம் கூடும். குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து ஆண்டுகள் கழிந்தும் இருக்கும். திடீரெனக் கடுமையான வயிற்றுவலி வந்தால் "வாயுவாக இருக்கும்" என்று வீட்டில் உட்காரக் கூடாது. இணைப்பு இடத்தில் புண் வரலாம். புகைபிடிப்பவர்களுக்கும் மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தொடர்ந்து போடுபவர்களுக்கும் அது இன்னும் எளிதில் வரும். மது வேகமாக ரத்தத்தில் ஏறும். குடிப்பழக்கச் சிக்கல் இரண்டாம் ஆண்டிலிருந்து கூடுவது பதிவாகியிருக்கிறது. பிரித்து ஒதுக்கிய பழைய இரைப்பையை வழக்கமான எண்டோஸ்கோப்பியால் எட்டிப் பார்க்கவும் முடியாது.

அப்புறம் டம்பிங்: உணவு சிறுகுடலுக்குள் சட்டென்று கொட்டுவதால் வரும் தொல்லை. ஒரு டம்ளர் இனிப்புப் பானத்தை மடமடவென்று குடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கால்மணி நேரத்தில் நெஞ்சு படபடக்கும், முகம் சிவந்து வியர்க்கும், வயிற்றைப் பிசையும், படுத்தால் போதும் என்றிருக்கும். இது தானாகவே அடங்கிவிடும். இதன் தாமதமான தம்பிதான் மோசமானவன்: சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தடாலென்று கீழே இறங்குவது. பெரும்பாலும் அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆன பிறகுதான் தலைகாட்டும். மாத்திரை எதுவும் போடாதவருக்கு மீட்டரில் 50 காட்டும். பதறிப்போய் இனிப்பை வாயில் போட்டால் அப்போதைக்கு ஏறும், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும். சர்க்கரை கூடுவதற்குப் பயந்து வாழ்ந்தவர் குறைவதற்குப் பயப்படும் நிலை. எல்லோருக்கும் வராது, உணவு முறையை மாற்றினால் பெரும்பாலும் கட்டுப்படும். ஆனால் வண்டி ஓட்டுகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

## ஸ்லீவ்

இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, குழாய் போல மீதியை விடுவது ஸ்லீவ். குடலைத் தொடுவதில்லை. பசி ஹார்மோனான கிரெலின் சுரக்கும் பகுதி போய்விடுவதால் பசி குறையும். பைபாஸைவிட அறுவை நேரம் குறைவு, சத்துக் குறைபாடும் பொதுவாகக் குறைவு, உட்சிக்கல் பயம் இல்லை. உலகில் இன்று அதிகம் செய்யப்படுவது இதுதான்.

இதன் பலவீனம் தொண்டைக்குக் கீழே இருக்கிறது: எதுக்களிப்பு. பின்லாந்து ஆய்வில் 10 ஆண்டு கழித்து உணவுக்குழாயில் அழற்சி ஸ்லீவ் செய்தவர்களில் 31%, பைபாஸ் செய்தவர்களில் 7%. இரவில் தலையணையை உயர்த்திப் படுக்கிறவர், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர், "ஸ்லீவ் சுலபம்" என்று யாரோ சொன்னதற்காக அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அறுவைக்கு முன் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும். எதுக்களிப்பு தாங்காமல் பிறகு பைபாஸாக மாற்றிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

## ஊசி

செமாக்ளுடைட், டிர்செபடைட். பைபாஸ் செய்தால் உடலே கூடுதலாகச் சுரக்கும் ஜிஎல்பி-1இன் வேலையை மருந்தாகச் செய்பவை. வாரம் ஒரு ஊசி.

எடை விஷயத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய ஒன்று உண்டு. 15%, 21% என்று விளம்பரத்தில் வரும் எண்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் கிடைத்தவை. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் அதே மருந்துகள் ஏறக்குறைய 10%, 15% தான் குறைத்தன.

இதயச் சான்றில் ஊசிக்கு ஒரு தனிப் பெருமை. 2023இல் வெளியான செலெக்ட் ஆய்வில் 17,604 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குச் செமாக்ளுடைட், மறுபாதிக்கு வெற்று ஊசி கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், ஆனால் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 20% குறைந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் செய்த 2016 ஆய்வில் அது 26%.

அறுவையின் இதயச் சான்று வேறு ரகம். ஆண்டுகள் அதிகம், ஆனால் குலுக்கல் கிடையாது. கிளீவ்லேண்ட் கிளினிக் 2019இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையும் உடற்பருமனும் உள்ளவர்களில் அறுவை செய்த 2,287 பேரையும் செய்யாத 11,435 பேரையும் ஒப்பிட்டார்கள். எட்டு ஆண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, சிறுநீரகப் பாதிப்பு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் சீரற்ற துடிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் அறுவைப் பக்கம் 31%, மறுபக்கம் 48%. வித்தியாசம் பெரியது. ஆனாலும் அறுவைக்குத் துணிகிறவர் பொதுவாகவே உடலைக் கூடுதலாகக் கவனிக்கிறவராக இருக்கலாம் என்ற சந்தேகத்தை இப்படிப்பட்ட ஆய்வு முழுவதும் போக்காது. எஸ்ஓஎஸ் ஆய்விலும் இதய மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதுவும் குலுக்கல் ஆய்வு அல்ல, அதில் செய்த அறுவைகளில் பெரும்பாலானவை இன்று வழக்கொழிந்த பழைய வகைகள். ஒரு பக்கம் நீளமான சான்று, மறு பக்கம் இறுக்கமான சான்று. என்னிடம் கேட்டால், சர்க்கரைக்கு அறுவையின் சான்று வலுவானது, இதயத்துக்கு ஊசியின் சான்று வலுவானது என்பேன்.

ஊசியின் மறைமுக விலை நிறுத்தும்போதுதான் தெரியும். செமாக்ளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே ஒரு மாதச் செலவைப் பார்த்து முடிவெடுக்காமல் 10 ஆண்டுச் செலவைப் போட்டுப் பாருங்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆரம்பத்தில் சகஜம். பித்தப்பைக் கல் இதிலும் வரும், அறுவையிலும் வரும். கொழுப்போடு தசையும் கரையும். மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் குடும்பத்தில் இருந்தால் இந்த ஊசி கூடாது.

## அறுவையும் ஊசியும் இல்லாமல்

பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், சர்க்கரை வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், மூன்று முதல் ஐந்து மாதம் தினமும் சுமார் 850 கலோரியில் இருந்தார்கள். ஓராண்டில் 46% பேருக்கு ரெமிஷன். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86%! இரண்டாம் ஆண்டில் மொத்தக் கணக்கு 36% ஆனது, எடை ஏற ஏற அது இன்னும் கரைந்தது.

இதயத்துக்கு? அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில் 5,145 பேரில் பாதிப்பேர் தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தார்கள். எடை 6% அளவுக்குக் குறைந்தே இருந்தது. ஆனால் 10 ஆண்டு நெருங்கியும் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் தெரியாததால் 2012இல் ஆய்வையே நிறுத்தினார்கள். சர்க்கரை புதிதாக வந்தவர் முதலில் முயல வேண்டியது இதுதான், சந்தேகமில்லை. ஓராண்டு உண்மையாக முயன்றும் நகரவில்லை என்றால் அடுத்ததைப் பற்றிப் பேசலாம். ஐந்து ஆண்டு காத்திருந்து கணையத்தைக் களைக்க விட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | பைபாஸ் | ஸ்லீவ் | ஊசி | உணவுத் திட்டம் |
|---|---|---|---|---|
| எடைக் குறைவு | 5ஆம் ஆண்டில் சுமார் 25% | 5ஆம் ஆண்டில் சுமார் 19% | சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 15%, போடும் வரை | 10 ஆண்டில் சுமார் 6% |
| சர்க்கரை | நான்கிலும் வலுவானது | கிட்டத்தட்ட அதே, சற்றுக் குறைவு | நல்ல கட்டுப்பாடு, நிறுத்தினால் திரும்பும் | ஆரம்ப காலத்தில் அருமை, நிலைப்பது கடினம் |
| இதயச் சான்று | நீண்டது, குலுக்கல் இல்லை | அதே ரகம், ரத்த அழுத்தத்தில் பின்தங்கும் | குலுக்கல் ஆய்வு, ஆண்டுகள் குறைவு | பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை |
| திரும்பி வர | மிகக் கடினம் | முடியாது | எந்த வாரமும் நிறுத்தலாம் | கேள்வியே இல்லை |
| முக்கிய விலை | சத்துக் குறைவு, டம்பிங், எலும்பு | எதுக்களிப்பு | தொடர் செலவு, குமட்டல் | மன உறுதி |

## மறைந்திருக்கும் மற்ற செலவுகள்

அறுவையால் வரும் மரணம் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தவர்கள் 1,000க்கு 3 பேர்.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. 2007இல் யூட்டா மாநிலத்தில் பைபாஸ் செய்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வில் இதய ரத்தக்குழாய் நோயால் இறப்பது 56% குறைந்திருந்தது. ஆனால் விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத மரணங்கள் 58% கூடியிருந்தன. உணவை ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒரே நாளில் அது பறிபோகிறது. மன அழுத்தம் முன்பே இருந்தவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. அறுவைக்குப் பின் முதல் இரண்டு ஆண்டு குடும்பமும் கண் வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய மாத்திரைகள். எடை குறையும்போது ரத்த அழுத்த மாத்திரை அதே அளவில் தொடர்ந்தால் எழுந்து நிற்கையில் தலை சுற்றி விழுவார். சர்க்கரை மாத்திரையும் அப்படியே. வாரக்கணக்கில் அளவை மாற்ற ஆள் இருக்கிறாரா என்று முன்பே கேளுங்கள். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

## யாருக்கு எது

பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35க்கு மேல், சர்க்கரை வந்து ஐந்தாறு ஆண்டுக்குள், எதுக்களிப்போ உயர் ரத்த அழுத்தமோ உண்டு, தினமும் மாத்திரை மறக்காத ஆள்: பைபாஸ். அதே நிலையில் எதுக்களிப்பு இல்லை, வலி மாத்திரை இல்லாமல் மூட்டு நகராது, அல்லது உறிஞ்சல் மாறினால் சிக்கலாகும் மருந்துகளில் இருக்கிறார் என்றால் ஸ்லீவ். 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டி சர்க்கரை நோயாளிகளுக்கு பிஎம்ஐ 30இலிருந்தே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்கிறது; ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5.

ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், பிஎம்ஐ 30ஐ ஒட்டி இருப்பவர், மயக்க மருந்து கொடுப்பது ஆபத்தாக முடியக்கூடியவர், பின்தொடர் பரிசோதனைக்கு வருவாரா என்பது சந்தேகமாக இருப்பவர்: ஊசி. அறுவை செய்துகொண்டு பரிசோதனைக்கே போகாதவரைவிட, ஊசி போட்டுக்கொண்டு ஒழுங்காக இருப்பவர் பாதுகாப்பாக இருப்பார்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. ஆறேழு ஆண்டு கழித்து எடையும் சர்க்கரையும் மெல்ல ஏறினால் அப்போது ஊசியைச் சேர்க்கலாம். இன்று பல மருத்துவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் முன் கண்ணின் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். பல ஆண்டாக உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சில காலம் மோசமாவது உண்டு. ஊசியிலும் இது பதிவாகியிருக்கிறது. அந்த அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் கண் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.